காய மறுத்த போர்வை

என் மனைவி ஐந்து நாள் பயணமாகப் புறப்பட்டபோது, வீட்டை என்னிடம் விட்டுச் செல்வதில் அவளுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. பஞ்சுப் போர்வையை விட்டுச் செல்வதில்தான் இருந்தது. "நீ திரும்பி வருவதற்குள் நான் அதைத் துவைத்து, காயவைத்து, மடித்து வைத்துவிடுகிறேன்" என்று நானாகவே வாய்விட்டதுதான் அதற்குக் காரணம். யாரும் கேட்காத நேரத்தில் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அது கடையில் வாங்கிய போர்வை அன்று. ஒட்டுத்துணிகளை இணைத்துத் தைத்த மேல்துணி, ஒரே துணியாலான அடித்துணி, இரண்டுக்கும் நடுவே கலப்பில்லாத பருத்திப் பஞ்சு விரிப்பு என மூன்றையும் சேர்த்து, எட்டு மாதம் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டு அவள் முடித்தது. இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையல் வரிசை ஓடும். இவ்வளவு நெருக்கம் எதற்கு என்று அவள் தைத்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டதில்லை, ஏனென்றால் அதற்கான விடை நானேதான். இதற்கு முன் எங்களிடம் இருந்த போர்வையில் தையல் வரிசைகள் ஒரு சாணுக்கு ஒன்றாக இருந்தன. அதை நான் துவைத்து, சொட்டச் சொட்ட ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டேன். மாலையில் போய்ப் பார்த்தால், உள்ளிருந்த பஞ்சு முழுவதும் கீழே இறங்கி, கொடியின் இருபுறமும் இரண்டு மூட்டைகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்தது வெறும் இரட்டைத் துணி. குளிர் தோளுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் மட்டுமே வரும் என்றிருந்தால் அதை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருப்போம்.

ஆகவே இம்முறை எழுத்து வடிவில் கட்டளைகள் வந்தன. சலவை இயந்திரத்தில் போடக் கூடாது, ஏனென்றால் எங்களுடையது நடுவில் தண்டு நின்று சுழலும் பழைய வகை. அது துணியை முறுக்கித் தையலை இழுத்துவிடும். வெந்நீர் கூடாது. சலவைத்தூள் சிறிதளவு போதும். பிழியக் கூடாது. மூலைகளைப் பிடித்துத் தூக்கக் கூடாது. தொங்கவிடக் கூடாது என்பதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன. கடைசி வரி இதுதான்: "வெளியே காய்ந்திருப்பதை நம்ப வேண்டாம். பஞ்சு உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும்."

அந்தக் கடைசி வரி என் அறிவுக்கு விடப்பட்ட அறைகூவலாகப் பட்டது. உள்ளே ஈரம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது என்றால், அளந்துதானே சொல்ல வேண்டும்? துவைப்பதற்கு முன் போர்வையை எடை போட்டுக்கொள்வது, காயும்போது மறுபடியும் மறுபடியும் எடை போடுவது, பழைய எடைக்கு அது திரும்பும்போது காய்ந்துவிட்டது என்று முடிவு செய்வது. இந்த யோசனையில் இன்றும் ஒரு குறையும் இல்லை என்பதே என் கருத்து. குறை இருந்தது வேறிடத்தில்.

வீட்டில் இருந்தது ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் மின்னணுக் கருவி. போர்வையை மட்டும் அதன்மேல் வைத்தால் நான்கு பக்கமும் வழிந்து தரையைத் தொட்டது. எண் தெரியும் இடமும் மறைந்துபோயிற்று. அதனால் முதலில் நான் தனியாக ஏறினேன்: 71.6 கிலோ. பிறகு போர்வையைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினேன்: 74.0. ஆக, போர்வையின் எடை 2.4 கிலோ. ஒரு தாளை எடுத்து, 'போர்வை' என்று தலைப்பிட்டு, அடிக்கோடிட்டு, என் எடையை மேலே ஓரத்தில் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் வரும் எண்ணிலிருந்து 71.6-ஐக் கழித்தால் வேலை முடிந்தது.

துவைத்தல் என்னும் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். அது உண்மையில் எளிது. குளியலறைத் தொட்டியில் குளிர்ந்த நீரை நிரப்பி, போர்வையை விரித்தபடியே அமிழ்த்தி, காலால் மெதுவாக மிதித்தேன். ஒட்டுத்துணிகளில் அரக்குச் சிவப்பில் இருபது சதுரங்கள் உண்டு. அவை நீரைச் சற்றே இளஞ்சிவப்பாக்கின. உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று எங்கோ கேட்ட நினைவு வந்தது. ஆனால் வினிகரின் அமிலம் கம்பளிக்கும் பட்டுக்கும் பயன்படும் சாயங்களுக்குத்தான் உதவும், ஏற்கனவே சாயமேற்றிய பருத்தியில் அதற்கு வேலை இல்லை என்று மனைவி முன்பே சொல்லியிருந்தாள். போகிற சாயத்தை நிறையத் தண்ணீரில் போகவிட்டு, உடனுக்குடன் நீரை மாற்றுவதும், நனைந்த துணியை மடித்துப் போட்டுவிடாமல் இருப்பதுமே வழி. நான்கு முறை நீர் மாற்றியபின் அது தெளிந்தது. வெள்ளைச் சதுரங்கள் வெள்ளையாகவே இருந்தன. இதை எழுதும்போதும் எனக்குள் ஒரு பெருமிதம் எழுகிறது. அது நீடிக்காது என்பதால் இங்கேயே அனுபவித்துக்கொள்கிறேன்.

நீரை வடியவிட்டு அதைத் தூக்கியபோதுதான், பருத்தி என்றால் என்னவென்று என் முதுகெலும்புக்குத் தெரிந்தது. பருத்தி இழைகளுக்கு இடையிலும் தண்ணீர் நிற்கும், இழைக்குள்ளும் புகும். நனைந்த பருத்தி இழை உலர்ந்த இழையைவிட வலிமை மிக்கது என்பது உண்மைதான்; ஆனால் அந்த வலிமை இழைக்கு, அதைத் தூக்குகிற ஆளுக்கு அன்று. அடியில் ஒரு படுக்கை விரிப்பைச் செருகி, ஏணை கட்டுவதுபோல் நான்கு முனைகளையும் சேர்த்துத் தூக்கி, தள்ளாடியபடி எடைக்கருவியில் ஏறினேன். 81.2 என்று காட்டியது. விரிப்பின் எடையையும் கழித்துச் சொல்ல வேண்டும் என்று யாராவது நினைத்தால், அந்த நிலையில் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். போர்வை ஏறத்தாழ 9.6 கிலோ, அதாவது தன்னைப்போல் நான்கு மடங்கு ஆகியிருந்தது. இந்தக் கனம் முழுவதும் ஒற்றைக் கொடியில் தொங்கினால் எட்டு மாதத் தையலுக்கு என்ன ஆகும் என்பது அப்போது புரிந்தது. அந்த இரண்டு அடிக்கோடுகளுக்கு மூன்றாவதாக ஒன்றை நானே மனத்துக்குள் இழுத்துக்கொண்டேன்.

பிழியக் கூடாது என்பதால், துண்டுகளை விரித்து அதன்மேல் போர்வையைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, அந்த உருளையின்மேல் மண்டியிட்டு முன்னும் பின்னும் நகர்ந்தேன். வீட்டில் இருந்த ஆறு வெள்ளைத் துண்டுகளும் செலவாயின. மூன்று சுற்றுகளுக்குப்பின் போர்வை 6.1 கிலோவுக்கு இறங்கியது; துண்டுகள் ஆறும் இளஞ்சிவப்பாகிவிட்டன. சாயம் போர்வையைக் கெடுக்கக் கூடாது என்றுதான் கட்டளையில் இருந்ததே தவிர, துண்டுகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்பதைப் பின்னர் நான் எடுத்துக்காட்டினேன். எடுபடவில்லை.

மாடியில் பழைய விரிப்பைப் போட்டு, போர்வையை மேல்துணி கீழே இருக்குமாறு பரப்பி, வெயிலில் நிறம் வெளுக்காமலும் பறவைகள் தம் கருத்தைப் பதிவு செய்யாமலும் இருக்க, மேலே இன்னொரு மெல்லிய விரிப்பைப் போர்த்தினேன். போர்வைக்குப் போர்வை போர்த்திவிட்டுக் கீழே வந்த எனக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறிப் போய் அதைப் புரட்டிப் போடுவதே அன்றைய பணியாயிற்று. வெயிலில் நான்கைந்து முறை ஏறி இறங்கியதில் எனக்குத் தாகம் தாங்கவில்லை; ஒவ்வொரு முறை இறங்கியதும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். இந்தச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மாலையில் தொட்டுப் பார்த்தபோது போர்வை முழுவதும் காய்ந்திருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சற்றுக் குளிர்ச்சி, அவ்வளவுதான். வேறொருவராக இருந்தால் மடித்து அலமாரியில் வைத்திருப்பார். நான் எடைக்கருவியில் ஏறினேன்: 74.9. கழித்தால் 3.3. வெளியே உலர்ந்து சாதுவாக இருந்த அந்தப் போர்வைக்குள் கிட்டத்தட்ட ஒரு கிலோ தண்ணீர் ஒளிந்துகொண்டிருந்தது. மேல்துணியும் அடித்துணியும் காற்றைத் தொட்டுக்கொண்டிருப்பதால் விரைவில் உலர்ந்துவிடுகின்றன; நடுவிலுள்ள பஞ்சின் ஈரமோ அவற்றின் வழியாக மெல்ல மெல்லத்தான் வெளியேற வேண்டும். அப்படியே மடித்து வைத்திருந்தால் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்து மக்கிய வாடை வந்திருக்கும். அன்றிரவு மனைவி தொலைபேசியில் அழைத்தபோது, "இன்னும் ஒரு கிலோ இருக்கிறது" என்றேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எது?" என்றாள்.

இரவில் நான்கு நாற்காலி முதுகுகளின்மேல் அதைப் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டேன். இரண்டாம் நாள் காலை 3.0; மாலை 2.7. மூன்றாம் நாள் காலை 2.6. உலர்த்தும் இயந்திரம் உள்ளவர்கள் மிதமான சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்துகளோடு போட்டுச் சுழற்றி, இலேசான ஈரம் இருக்கும்போதே வெளியே எடுத்து ஆறவிடுவார்கள். அவர்களுக்குத் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு காத்திருக்கும் இந்தச் சுகம் கிடைக்காது. இன்னும் இருநூறு கிராம்தான் பாக்கி என்று நான் மகிழ்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை அது 2.8 என்று காட்டியது.

கருவியை நகர்த்தி வைத்துப் பார்த்தேன், மின்கலத்தை மாற்றினேன், மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறினேன். 2.8-தான். காயப்போட்ட துணி ஈரமாகிக்கொண்டிருந்தது. அன்றிரவு உட்கார்ந்து படித்ததில், பருத்தி ஒருபோதும் முழுமையாகக் காய்வதே இல்லை என்று அறிந்தேன். காற்றிலுள்ள ஈரத்தை அது எப்போதும் சிறிது தன்னிடம் வைத்திருக்கும். 20 பாகை செல்சியசு வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை அளவுகோலாகக் கொள்ளும் நெசவுத் துறையினர், பருத்தி வணிகத்தில் உலர்ந்த எடைக்கு 8.5 விழுக்காடு ஈரத்தைச் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். 2.4 கிலோப் போர்வையில், நாம் காய்ந்தது என்று சொல்லும்போதே ஏறக்குறைய 190 கிராம் தண்ணீர் இருக்கிறது! காற்றில் ஈரம் கூடியிருக்கும், பஞ்சு அதைக் குடித்திருக்கும் என்று முடிவு கட்டினேன். அந்த மூன்று நாளும் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது என்பதை நான் பொருட்படுத்தவில்லை. அழகான விளக்கம் ஒன்று கையில் கிடைத்த மனிதன் சன்னலைத் திறந்து பார்ப்பதில்லை.

நான்காம் நாள் முழுவதும் வெயிலில் கிடந்த போர்வை, மாலையில் 3.0 கிலோவாயிற்று. மூக்கால் முகர்ந்து பார்த்தேன். வெயிலின் வாசனைதான் வந்தது. என் மூக்கு காய்ந்துவிட்டது என்றது, கருவி அறுநூறு கிராம் தண்ணீர் என்றது; நான் கருவியின் பக்கம் நின்றேன். காற்றுதான் காரணம் என்றால் மாடியில் போடக் கூடாது என்று தோன்றி, அதை அறைக்குள் கொண்டுவந்து, கதவுகளை அடைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, அதன் அருகிலேயே வெறுந்தரையில் குளிர நடுங்கிப் படுத்திருந்தேன். போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லாமல் இல்லை. ஆனால் அது ஈரமாக இருந்தது.

இதற்கிடையே இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. 240 சென்டிமீட்டர் இருந்த நீளம் 230 ஆகியிருந்தது. அகலம் 220-இலிருந்து 211. தையல் வரிசைகளுக்கு இடையே துணி முழுவதும் சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாய்ச் சுருங்கியிருந்தது. தேய்ப்புப் பெட்டியை எடுத்துச் சூடாக்கும்வரை போய்விட்டேன். ஈரப் பஞ்சைத் தேய்த்தால் என்ன ஆகுமோ என்ற அச்சம்தான் என்னைத் தடுத்தது. அந்த எடைக்கருவி எனக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

ஐந்தாம் நாள் மனைவி வந்தாள். மின்விசிறியின் கீழே நாற்காலிகளில் படர்ந்திருந்த போர்வையைக் கண்டதும், நான் மன்னிப்புரையைத் தொடங்குவதற்குள், அதைக் கையால் நீவிப் பார்த்து, "எவ்வளவு அழகாகச் சுருங்கியிருக்கிறது!" என்றாள். பருத்திப் பஞ்சு முதல் சலவையில் மூன்றிலிருந்து ஐந்து விழுக்காடு சுருங்குவது இயல்பாம். அந்தச் சுருக்கம் வர வேண்டும் என்பதற்காகத்தான் பஞ்சை முன்கூட்டி நனைக்காமல் தைத்தாளாம். "ஆனால் ஏன் இன்னும் மடிக்கவில்லை? இது காய்ந்து இரண்டு நாளாவது ஆகியிருக்குமே."

"காயவில்லை. உள்ளே அறுநூறு கிராம் இருக்கிறது" என்று சொல்லி, தாளை நீட்டினேன். காற்றின் ஈரப்பதம் பற்றியும் 8.5 விழுக்காடு பற்றியும் விளக்கத் தொடங்கினேன். அவள் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறையும், ஓரத்தில் குறித்திருந்த 71.6-ஐ இரண்டு முறையும் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் போய், நான்கு நாள்களில் காலியாகியிருந்த பாத்திரங்களையும் டப்பாக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, நிதானமாகத் திரும்பி வந்தாள்.

"இந்த எடை எப்போது பார்த்தீர்கள்?"

"முதல் நாள்."

"அதற்குப் பிறகு போர்வை இல்லாமல் ஏறிப் பார்த்தீர்களா?"

நான் பதில் சொல்லவில்லை. போர்வையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினேன். 72.2.

அவள் பென்சிலை எடுத்து, தாளின் தலைப்பில் இருந்த 'போர்வை' என்ற சொல்லை அடித்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதி, எடைக்கருவிக்கு நேர் மேலே சுவரில் ஒட்டினாள்.