உங்க இஷ்டம், அக்கா

டீ பிரேக்கில் அந்தக் காகிதத்தை நீட்டி அக்கா கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, ரெண்டு வருஷத் தவணை. கையெழுத்துப் போடலாமா?"

மகளுக்குக் கட்டிலும் அலமாரியும். காகிதத்தின் மூலையில் ஊறுகாய் எண்ணெய்க் கறை. என் மேசை இழுப்பறையில் ஆட்குறைப்புப் பட்டியல். பதினான்காவது பெயர் அவருடையது.

"உங்க இஷ்டம், அக்கா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. முன்கூட்டியே வாயைத் திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும். தென்னாப்பிரிக்கத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி தொழிலாளர்களோடு கலந்து பேசிய பிறகுதான் முடிவே எடுக்க வேண்டும். பேசும் முன்பே பட்டியல் எப்படித் தயாரானது என்று அன்று நான் கேட்கவில்லை. தட்டச்சு செய்தவனே நான்தானே.

அக்காவுக்கு 17 வருட சர்வீஸ். வருடத்துக்கு ஒரு வாரச் சம்பளம் என்று 17 வாரம். அதில் பெரும்பகுதி தவணைக் கடைக்கே போனது. அப்புறம் யூஐஎஃப் என்ற வேலையிழப்புக் காப்பீட்டுப் பணம், அது ஒரு வருடத்துக்கு மேல் ஓடாது. அதன் பிறகு அரசு தரும் மாதம் 370 ராண்ட். வங்கிக் கணக்கில் வேறு வகையில் 624 ராண்டுக்கு மேல் வந்தால் அந்த மாதம் அதுவும் கிடையாது.

அமெரிக்காவில் 20 வயதிலிருந்து 75 வயதுக்குள் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் ஒரு வருடமாவது வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்திருப்பார்கள் என்று மார்க் ராங்க் என்ற சமூகவியலாளர் கணக்கிட்டிருக்கிறார். அது அந்த நாட்டுக் கதை. ஆனாலும் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. யாருக்கும் வரக்கூடியது, என்னால் வந்ததல்ல. வேலை எப்படியும் போயிருக்கும், சரி. ஆனால் அந்தத் தவணை எனக்குத் தெரிந்தே அவர் தலையில் ஏறியது. இந்த இடத்துக்கு வந்ததும் நிம்மதி போய்விடுகிறது.

போன மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், 'பங்களாதேஷ் சந்தை' என்கிற சந்தையில் அக்கா கறிவேப்பிலைக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். போனில் பணம் அனுப்புகிறேன் என்றேன். "கணக்குல போடாத தம்பி, கையில குடு" என்றார்.

"உன் வேலை பத்திரமா?"

எங்கள் பிரிவை ஜொகன்னஸ்பர்க்குக்கு மாற்றப்போவதாக ஒரு பேச்சு ஓடுகிறது. "இருக்குக்கா" என்றேன்.

"காரு கீரு தவணையில வாங்கிடாத."

தெரிந்து சொன்னாரா, சும்மா சொன்னாரா? முகத்தைப் பார்ப்பதற்குள் அடுத்தவருக்குக் கட்டு எடுக்கத் திரும்பிவிட்டார்.