கிரீஸ் அடித்துக் கெடுத்த ஸ்டியரிங்

மாசி வீதியில் ஒரு திருப்பம் திரும்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. வண்டி 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மதராஸில் தயாரானது, அப்பா வாங்கியது. ஹெரால்டுக்குப் பேரே சின்ன இடத்தில் சுற்றித் திரும்புவதுதான், சுமார் 25 அடி வட்டம் போதும். என் வண்டியோ மாடு மாதிரி முரண்டு பிடித்தது. திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் ஸ்டியரிங் தானாக நேருக்கும் வராது.

முதலில் அலைன்மெண்ட் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் ஹெரால்டு இல்லை. "பழைய வண்டிதானே சார்" என்று வேறு ஏதோ காரின் கணக்கை வைத்து முடுக்கி அனுப்பினார்கள். இறுக்கம் அப்படியே இருந்தது, போதாக்குறைக்கு வண்டி ரோட்டில் அலையவும் ஆரம்பித்தது.

அப்புறம்தான் திருப்பரங்குன்றம் ரோட்டில் ஒரு பட்டறை அண்ணன் கிடைத்தார். பானெட்டைத் தூக்கினார். ஹெரால்டில் மட்கார்டோடு மொத்த மூக்கும் முன்பக்கம் சாய்ந்துவிடும், முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஜாக்கி வைத்து, இரண்டு பக்கமும் சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்டைக் கழற்றினார். ஸ்டியரிங்கின் பல் தண்டான ராக் இரண்டு விரலில் சுற்றியது. வலது சக்கரம் கையால் தள்ளினால் திரும்பியது. இடது அசையவே இல்லை.

"கீழ ட்ரனியனுக்கு என்ன போடுறீங்க தம்பி?"

"கிரீஸ்தாண்ணே, மாசாமாசம்."

"அதான் வினை."

ட்ரனியன் ஒரு வெண்கலக் கூடு. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் கீழ்முனை மரை அதற்குள்தான் திரும்புகிறது. அதற்குக் கம்பெனி சொன்னது 90 கியர் ஆயில். கிரீஸ் மரையின் இடுக்கில் சரியாக இறங்காது, நாளாக ஆகக் கட்டிதட்டிவிடும், உள்ளே போன தண்ணீர் துருவாகும். முற்றினால் கம்பி முறிந்து சக்கரம் மடங்கி விழும். கழற்றிப் பார்த்தபோது உள்ளே கறுப்புப் பிசின்தான் இருந்தது.

புது ஜோடி கிடைக்க மூன்று வாரம். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. மாற்றி மாட்ட முடியாது. ட்ரனியனைக் கம்பியில் முழுக்க முடுக்கிவிட்டுக் கொஞ்சம் பின்னால் திருப்பி விட வேண்டும், இல்லையென்றால் கடைசிவரை ஒடிக்கும்போது முட்டும்.

அலைன்மெண்டைக் கடைசியில்தான் தொட்டார். முன் சீட்டில் ஆள் உட்கார்ந்த பாரம் வேண்டும் என்று இரண்டு சீட்டிலும் அரிசி மூட்டை. ரிம்முக்கு ரிம் டேப்பால் முன்னாலும் பின்னாலும் அளந்தார். வண்டியை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்தார், ரிம் கோணல் கணக்கைக் கெடுக்காமலிருக்க. முன்னால் 1/16 அங்குலம் குறைவாக வைத்து முடுக்கினார்.

அழகர்கோவில் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு கை போதுமாக இருந்தது. நேர் ரோட்டில் ஸ்டியரிங் மட்டும் லேசாக வலது சாய்ந்து நிற்கிறது. இரண்டு டை ராடையும் சமமாகத் திருப்பவில்லையாம். அதற்கு அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார்.