கட்டிலுக்கும் வார்ட்ரோபுக்கும் நடுவே இரண்டு அடி

சென்னை மேடவாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். சாவி வாங்கிப் பால் காய்ச்சியதிலிருந்து குடி வர நாலரை மாதம் ஆகிவிட்டது. இன்டீரியர் வேலையை 45 நாளில் முடித்துத் தருவதாகத்தான் பேச்சு. பணம் கூடுதலாகப் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். ஒரு டேப்பும் ஒரு மாலை நேரமும் இருந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய தவறுகள்தான் இன்னும் மனதை அறுக்கின்றன. லோன், பதிவு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எதை எங்கே வைப்பது என்ற விஷயத்தில் நாங்கள் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அடி வாங்கியது பெரிய படுக்கையறையில். பில்டர் கொடுத்த பிளானில் 11 அடிக்கு 10 அடி. அதே அளவை வைத்து இன்டீரியர் கம்பெனியின் டிசைனர் 3டி படம் அனுப்பினார். பத்தடிச் சுவர் முழுக்க வார்ட்ரோப், எதிர்ச்சுவரில் தலைப்பலகை வைத்து ஆறடிக் கட்டில். பார்க்க அவ்வளவு அழகு. அட்வான்ஸ் கட்டிவிட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் டேப்போடு போய் அளந்தார். 11 அடி என்று போட்ட பக்கம் 10 அடி 9 அங்குலம்தான் இருந்தது.

பிளானில் இருப்பது பூசாத சுவரின் அளவு. பக்கத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூச்சிலேயே போய்விடும். மீதி, சுவர் எழுப்பும்போது நகர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வார்ட்ரோப் ஆழம் 2 அடி, கட்டில் தலைப்பலகையோடு 6 அடி 9 அங்குலம். நடுவே மிஞ்சுவது 2 அடி. வார்ட்ரோபின் ஒரு கதவே ஒன்றே முக்கால் அடி. அதைத் திறந்துவிட்டால் ஆள் நிற்க இடமில்லை. இது போதாதென்று மூலையில் பில்லர் நாலரை அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. 3டி படத்தில் அந்த பில்லரே இல்லை.

கேட்டால், "ஸ்லைடிங் போட்டுடலாம் மேடம், சரியாயிடும்" என்றார்கள். ஆகாது. ஒரு கதவுக்குப் பின்னால் இன்னொன்று ஓட வேண்டும், அதற்கே ஆழம் இரண்டு மூன்று அங்குலம் கூடும். கடைசியில் கட்டிலைத் திருப்பி, ஆறடியை ஐந்தடியாகக் குறைத்தோம். இப்போது வார்ட்ரோபுக்கு முன்னால் 2 அடி 9 அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அடி. தலைமாடு மாறியதால் ஸ்விட்ச் போர்டு கால்மாட்டுக்குப் போய்விட்டது. பெயின்ட் அடித்த சுவரைக் காடி வெட்டி, வயர் இழுத்து, மறுபடி பட்டி பார்த்து... அதற்கே பத்து நாள்.

பத்திரத்தில் போட்டிருக்கும் கார்பெட் ஏரியாவை நம்பியும் திட்டம் போடாதீர்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி வெளிச்சுவரும் பால்கனியும் அதில் வராது, ஆனால் உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் நிற்கும் இடம் சேர்த்தி. நாம் கால் வைத்து நடக்கும் தரை அதைவிடக் குறைவு.

இதற்குப் பிறகு நாங்கள் எந்தப் படத்தையும் நம்பவில்லை. ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கி, ஹால், இரண்டு ரூம், சமையலறை எல்லாவற்றிலும் சாமான்களைத் தரையில் நிஜ அளவில் வரைந்தோம். சோஃபா, டைனிங் டேபிள், இழுத்துப் போட்ட நாற்காலி, திறந்த கதவின் வளைவு வரைக்கும். வரைந்து முடித்து, வாசலிலிருந்து காய்கறிப் பையோடு சமையலறை வரை நடந்து பார்த்தோம். டைனிங் நாற்காலியை இழுத்தால் பாத்ரூம் வழி மறிபடுவது அப்போதுதான் தெரிந்தது. ஆறு பேர் டேபிள் நாலு பேர் டேபிள் ஆனது, சுவர் ஓரம் போனது. ஒரு பைசா செலவில்லாமல் தப்பித்த தவறு அது.

சமையலறையில்தான் பெரிய சண்டை. அங்கே பாதி நாள் நிற்பது என் மாமியார். அத்தை நாலடி பத்து அங்குலம். மேடை 34 அங்குலம்தான் ஸ்டாண்டர்ட், அதை மாற்ற முடியாது என்று சைட் சூப்பர்வைசர் பிடிவாதம். அத்தையைச் சுவரோரம் நிற்க வைத்து முழங்கை உயரத்தை அளந்தேன். 36 அங்குலம். 34 அங்குல மேடைமேல் அடுப்பு, அடுப்புமேல் வாணலி என்றால் கரண்டி பிடிக்கும் கை தோள் வரை தூக்கியே இருக்கும். அவருக்கு ஏற்கெனவே தோள்வலி. 32 அங்குலம் என்று கையெழுத்துப் போட்ட டிராயிங்கில் எழுதி வாங்கினேன். வாயால் சொல்லிவிட்டு வந்திருந்தால் 34தான் வந்திருக்கும். சிங்க் கேபினெட்டுக்கு 710 கிரேடு, அதாவது தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் என்று எழுதி வாங்கியதும் அப்படித்தான். வந்து இறங்கிய பலகையில் ஐஎஸ் 303 முத்திரை, பொது உபயோக பிளைவுட்டுக்கு உள்ளது. லோடைத் திருப்பி அனுப்பினோம்.

கிரைண்டருக்கு அவர்கள் ஒதுக்கியது பதினெட்டு அங்குல உயரத்தில் ஒரு மூடிய தட்டு. அத்தை அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேடை வரவேண்டிய இடத்தில் நின்று, இரண்டு கையையும் குழவியைத் தூக்குவது போலத் தூக்கி, வலப்பக்கம் சாய்த்துக் காட்டினார். "இதைக் கவுத்து மாவு வழிக்கணும்னா நான் எங்க நிக்கறது? கல்லைக் கழுவ எவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போறது?" டிசைனரிடம் பதில் இல்லை. சிங்க் பக்கத்தில் இரண்டடி மேடையை வெறுமனே விட்டு, அதற்கு மேல் அலமாரி எதுவும் வேண்டாம் என்று அடித்து, ஒரு பிளக் பாயிண்ட் போட்டோம். வீட்டிலேயே சரியாக அமைந்த இடம் அதுதான்.

ஃப்ரிட்ஜில் ஏமாந்துபோனோம். சுவர் மூலையில், கதவு சுவர்ப்பக்கம் திறக்கிற மாதிரி இடம் விட்டார்கள். அகலம், உயரம் எல்லாம் சரி. வந்து வைத்த பிறகு பார்த்தால் கதவு 90 டிகிரியில் சுவரில் முட்டி நிற்கிறது, காய்கறி டிரே பாதியில் சிக்குகிறது. டிரே முழுதாக வெளியே வர கதவு அதற்கு மேல் விரிய வேண்டும். பக்கத்துக் கேபினெட்டை அறுத்து நாலு அங்குலம் நகர்த்தியது தனிச் செலவு. ஃப்ரிட்ஜ் மூலையில் வருகிறதென்றால் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கடைசி அடி, செருப்பு ஸ்டாண்ட். பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஆணி அடிக்கத் துளை போட்டார் கார்பெண்டர். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. உள்ளே பைப் ஓடுகிறது. பிளம்பிங், எலக்ட்ரிக்கல் டிராயிங் கேட்டு அதற்கு முன்பே மூன்று சனிக்கிழமை பில்டர் ஆபீசுக்கு அலைந்திருந்தோம். முதல் தடவை இன்ஜினியர் லீவ். இரண்டாவது தடவை, மெயிலில் அனுப்பியாச்சே என்றார்கள், அதில் இருந்தது அறை பிளான் மட்டும். மூன்றாவது தடவை, அதெல்லாம் கஸ்டமருக்குக் கொடுப்பதில்லை என்றார் முன்னால் உட்கார்ந்திருந்தவர். பைப் உடைந்த மறுநாள் ஈரச் சுவரின் போட்டோவோடு போய் நின்றேன். பத்து நிமிடத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார். சுவர் பூசுவதற்கு முன்னால் சைட்டுக்குப் போக முடிகிறவர்கள், ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்காது.

அந்த டிராயிங்கை லேமினேட் போட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கீஸருக்கு ஆள் வருகிறார். முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் சுவரில் கை வைக்க விடப்போகிறேன்.