பரம்பரை சாபம் என்று சொல்லுமுன் ஒரு தாள் எடுங்கள்

முன்னோர் பாவத்தால் குடும்பத்தில் தொடர்வதாகச் சொல்லப்படும் பரம்பரை சாபத்திலிருந்து விடுபடச் செய்யும் விடுதலை ஜெபம் பலருக்குப் பலிக்காமல் போவதற்கு முதல் காரணம், எதிலிருந்து விடுதலை வேண்டும் என்றே தெரியாமல் ஜெபிப்பதுதான். "எங்க குடும்பத்துல சமாதானமே இல்ல ஆண்டவரே" என்றால் அது பெருமூச்சு. அதைப் பிடித்துக்கொண்டு மனந்திரும்ப முடியாது.

ஒரு தாளில் மூன்று தலைமுறையை எழுதுங்கள்: இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கடைசியில் நீங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டே வரி. கோபம் வந்தால் என்ன செய்வார், பணத்தை எப்படிக் கையாண்டார், யாரோடு பேச்சை முறித்துக்கொண்டார். உதாரணமாக ஒரு குடும்பம்: அப்பா கோபித்துக்கொண்டால் மூன்று நாள் வாய் திறக்கமாட்டார். வைத்த சாப்பாடு மேசையிலேயே ஆறிப்போகும். மகன் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் மனைவி அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் போடாமல் இருப்பான். பாத்திரம் மாறியிருக்கிறது, சரக்கு அதேதான். இந்த ஒன்று கண்ணில் பட்டால் போதும். பட்டியலில் பத்து இருந்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றையே எடுங்கள்.

யாத்திராகமம் 20:5-ஐக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் ஆறாம் வசனத்துக்கு வருவதில்லை. தண்டனை மூன்று நான்கு தலைமுறை, இரக்கம் ஆயிரம் தலைமுறை. எசேக்கியேல் 18-ம் அதிகாரம் முழுவதுமே, தகப்பன் அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்பதற்காக எழுதப்பட்டது. குற்றம் இறங்கி வராது, பழக்கம் இறங்கி வரும். ஆபிரகாம் கேரார் என்ற ஊரில் தன் மனைவி சாராளைத் தங்கை என்றான். அதே கேராரில் அவன் மகன் ஈசாக்கு தன் மனைவி ரெபெக்காளைத் தங்கை என்றான். பிள்ளைகளில் ஈசாக்கு ஏசாவுக்கும் ரெபெக்காள் யாக்கோபுக்கும் செல்லம் கொடுத்தார்கள். யாக்கோபு அதையே தன் மகன் யோசேப்பிடம் செய்தான். யாரும் சாபம் இடவில்லை. மறுபக்கம், தாத்தா மனாசே, அப்பா ஆமோன் என்று விக்கிரகங்களை வணங்கிய ராஜாக்களாக இருந்தும் எட்டு வயதில் ராஜாவான யோசியா வேறு வழியில் நடந்தான்.

ஜெபத்துக்கு நெகேமியா 1:6 நல்ல அளவுகோல்: "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்." "நானும்" முதலில் வருகிறது. அப்பாவில் தொடங்கினால் ஜெபம் புகார் மனு ஆகிவிடும். செத்துப்போனவர்களுக்காக நீங்கள் மனந்திரும்ப முடியாது. அவர்கள் செய்தது பாவம் என்று தேவனிடம் ஒத்துக்கொண்டு, உங்கள் பங்கை விட்டுவிடலாம். அடுத்தது மன்னிப்பு. "எல்லாரையும் மன்னிக்கிறேன்" என்று போகிறபோக்கில் சொல்லாமல், நடந்ததையும் அதனால் நீங்கள் இழந்ததையும் சொல்லி மன்னியுங்கள். மன்னிப்பதும் திரும்பப் போய் அடி வாங்குவதும் ஒன்றல்ல. வீட்டில் இன்னும் அடி விழுகிறது என்றால் முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள், ஜெபம் அங்கிருந்து நடக்கட்டும்.

பிறகு விட்டுவிடுதல்: "ஆண்டவரே, பேசாமல் இருந்து தண்டிக்கிற இந்தப் பழக்கத்தை நான் கற்றுக்கொண்டேன், விரும்பியும் செய்தேன். அதை இயேசுவின் நாமத்தில் விட்டுவிடுகிறேன். எனக்காகச் சாபமானவருடைய இரத்தத்தால் நான் மீட்கப்பட்டவன்." இவ்வளவு போதும். வாய்விட்டு, நம்பிக்கையான ஒருவர் முன்னால் சொல்லுங்கள் (யாக்கோபு 5:16). தாயத்து, மந்திரப் புத்தகம் என்று ஏதாவது உங்கள் கையில் இருந்தால் அன்றைக்கே அழித்துவிடுங்கள். எபேசு பட்டணத்தில் விசுவாசித்தவர்கள் சுட்டெரித்த மந்திரப் புத்தகங்களின் விலை 50,000 வெள்ளிக்காசு (அப்போஸ்தலர் 19:19). தெரியாத முன்னோர்களின் பெயரெல்லாம் தனக்கு வெளிப்படுகிறது என்பவரும், கட்டு அவிழ்க்கக் காணிக்கை கேட்பவரும் உங்களுக்கு வேண்டாம்.

சறுக்குவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். மத்தேயு 12:44-ல் அசுத்த ஆவி திரும்பி வந்தபோது, அது விட்டுப்போன வீடு பெருக்கி ஜோடித்திருந்தது, ஆனால் வெறுமையாய் இருந்தது. விட்ட பழக்கத்தின் இடத்தில் வேறொன்றை அன்றே வையுங்கள், நேரம் குறித்து. மௌனத்துக்கு மாற்று, படுக்குமுன் ஒரு வாக்கியம்: "எனக்கு இன்னும் கோபம் இருக்கு, காலையில பேசுவோம்." மறைத்துக் கடன் வாங்கும் பழக்கத்துக்கு, மாதம் 1-ம் தேதி கணக்கைத் துணையிடம் காட்டுவது. குடியென்றால் மருத்துவரும் வேண்டும். நாள்பட்ட குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சில வாரத்தில் ஒருநாள் விழுவீர்கள். உடனே "சாபம் முறியவில்லை" என்று இன்னொரு ஊழியரைத் தேடிப் போகாதீர்கள். அன்றைக்குச் செய்ததை மட்டும் அறிக்கையிட்டு (1 யோவான் 1:9), காயப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்டு, மாற்றுச் செயலுக்குத் திரும்புங்கள். குடும்பத்தில் வரும் சர்க்கரை நோயையும் இந்தத் தாளில் எழுதாதீர்கள். யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பற்றி இயேசு சொன்ன பதில் போதும்: அது அவன் செய்த பாவமுமல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல.

தாளில் மற்றவர்களின் பாவமும் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் தொலைக்காமல், ஜெபம் முடிந்ததும் கிழித்துவிடுங்கள். மாற்றுச் செயல் எழுதிய துண்டு மட்டும் வேதாகமத்துக்குள் இருக்கட்டும்.