கியூபெக்கிலிருந்து லூயிஸ் தீவுக்கு: சம்பந்தி வீட்டு வேர்களைத் தேடுகிறேன்

மருமகன் ஸ்காட்லாந்து வழி வந்தவர் என்பது கல்யாணப் பேச்சின்போதே தெரியும். எந்த ஊர், எப்போது வந்தார்கள் என்று கேட்டால்தான் அந்த வீட்டில் யாருக்கும் பதில் இல்லை. "ஹைலண்ட்ஸ் பக்கம், ரொம்ப காலத்துக்கு முன்னாடி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என் பக்கத்துப் பாட்டன் பூட்டன் கதையெல்லாம் பேத்திக்குச் சொல்லியாயிற்று, அவள் அப்பா பக்கத்துக்கு இந்த ஒரு வரிதானா என்று மனசுக்குப் பொறுக்கவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு மாண்ட்ரியல் குளிர்காலம் நீளமானது. சரி, நாமே தேடிப் பார்ப்போம் என்று இறங்கினேன். இதுவரை வந்த வழியை எழுதி வைக்கிறேன், இதே மாதிரி தேடுகிறவர்களுக்குப் பயன்படும்.

தொடக்கத்தில் கையில் இருந்தது சம்பந்தியம்மா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த கேலிக் மொழி (ஹைலண்ட்ஸ் மலைநாட்டுக்காரர்களின் பழைய மொழி) பைபிள். முதல் வெற்றுத்தாளில் பிள்ளைகளின் பெயர்களும் பிறந்த தேதிகளும் பழுப்பேறிய மையில் இருந்தன. டொனால்ட் என்று இரண்டு முறை எழுதியிருந்தது. ஒரு டொனால்ட் சின்ன வயதில் இறந்து, அடுத்த பையனுக்கு அதே பெயரை வைத்திருப்பார்கள் என்றார் சம்பந்தியம்மா. ஊர்ப் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் அவருடைய தாத்தாவின் பண்ணை கியூபெக்கில் ஸ்டார்னவே என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்தது என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அந்த ஒரு பெயர் போதும். மூல ஸ்டார்னவே இருப்பது ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலில், லூயிஸ் தீவில். அங்கிருந்து வந்தவர்கள் கியூபெக்கின் கிழக்கு டவுன்ஷிப் என்ற பகுதியின் காடுகளில் ஊர்களை அமைத்து ஸ்டார்னவே, டோல்ஸ்டா என்று பழைய பெயர்களையே சூட்டினார்கள்.

ஏன் வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லூயிஸ் தீவு முழுவதையும் 1844இல் விலைக்கு வாங்கியவர் ஜேம்ஸ் மதீசன். ஜார்டின் மதீசன் நிறுவனத்தின் மதீசன்தான், இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவில் விற்றுப் பெரும் பணம் சேர்த்தவர். 1846இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது, தீவு மக்கள் சோற்றுக்கு நம்பியிருந்ததே அந்தக் கிழங்கைத்தான். வாடகை பாக்கி ஏறிக்கொண்டே போனது. 1851இல் மதீசனின் எஸ்டேட் நிர்வாகி ஜான் மன்றோ மெக்கன்சி ஊர் ஊராகப் போய், யாரைக் கப்பலேற்றுவது என்று பட்டியல் போட்டார். அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. கப்பல் கட்டணம் இலவசம், பாக்கி தள்ளுபடி, ஆனால் நிலத்தை விட்டுப் போக வேண்டும். 1855க்குள் 2,000 பேருக்கும் மேல் இப்படிக் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இதைத் 'தர்மம்' என்று எழுதியவர்களும் உண்டு. பாக்கி வைத்தவனுக்கு வேறு என்ன வழி திறந்திருந்தது என்று பார்த்தால், எனக்கு அந்தச் சொல்லை ஏற்க முடியவில்லை.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கப்பல் பயணிகள் பட்டியல். கியூபெக் துறைமுகத்துக்கு ஒழுங்கான பட்டியல்கள் 1865இலிருந்துதான் இருக்கின்றன. 1851வாக்கில் வந்திருக்கக்கூடிய குடும்பத்துக்காக அதைத் துழாவிப் பயனில்லை, நேரே மக்கள்தொகைக் கணக்குக்குப் போய்விடலாம்.

கனடாவின் 1861 கணக்கெடுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் கேட்டது அடுத்த பிறந்தநாளுக்கு எத்தனை வயது என்று, ஆகவே எல்லோருக்கும் ஒரு வயது கழித்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்னவே ஊர் அடங்கிய வின்ஸ்லோ டவுன்ஷிப்பின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வீடு கிடைத்தது, அதிலே இரண்டு டொனால்ட்! இருவரும் உயிரோடு, ஒரே கூரையின் கீழ். பிள்ளைகளின் பிறந்த இடம்தான் இந்தப் பக்கத்தில் பொக்கிஷம். 12 என்று எழுதப்பட்ட பெண் பிறந்தது ஸ்காட்லாந்தில், 9 என்று எழுதப்பட்ட பையன் பிறந்தது கனடாவில். 1849க்கும் 1852க்கும் நடுவில் கடல் தாண்டியிருக்கிறார்கள், மதீசன் அனுப்பிய காலத்தோடு பொருந்துகிறது. அந்த வீட்டுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து வீடுகளையும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த வேலையில் அக்கம்பக்கத்தை விடவே கூடாது. ஊரைப் பிடுங்கி நட்ட மாதிரி வந்தவர்கள், அங்கே வேலியோரம் இருந்தவர் இங்கேயும் வேலியோரம்தான்.

லூயிஸ் தீவில் எந்த ஊர் என்பதைக் கல்லறைதான் சொன்னது. பனி கரைந்ததும் மருமகனையும் சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு 108ஆம் எண் சாலையில் போனோம். இப்போது அங்கே எங்கும் பிரெஞ்சுதான், கேலிக் பேசுகிறவர்களைக் காணவில்லை. கல் முழுக்கப் பாசி. சுண்ணாம்புக்கட்டியால் தேய்ப்பது, கம்பி பிரஷ் போடுவது எல்லாம் கல்லைக் கெடுக்கும், செய்யாதீர்கள். டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், அப்போது வாசித்துவிடலாம். மருமகன் தன் கோட்டை விரித்து வெயிலை மறைத்தார், நான் டார்ச்சை நகர்த்த நகர்த்த ஒவ்வொரு எழுத்தாகத் தெரிந்தது: ஊயிக், லூயிஸ் தீவு. கீழே மனைவியின் பெயர், அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு. ஸ்காட்லாந்துக்காரர்கள் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரைக் கல்லிலும் பதிவேட்டிலும் விடாமல் எழுதும் வழக்கத்துக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். (ஸ்கை தீவிலும் ஓர் ஊயிக் இருக்கிறது, கவனம். லூயிஸ் தீவு ஊயிக்தான் 1831இல் அந்தப் புகழ்பெற்ற தந்தச் சதுரங்கக் காய்கள் மணலுக்குள் கிடைத்த இடம்.)

இனி ஸ்காட்லாந்து ஆவணங்கள். 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' என்ற அரசுத் தளத்தில் பெயர் தேடுவது இலவசம், பக்கத்தின் படத்தைப் பார்க்கக் காசு. 1851 கணக்கெடுப்பு நடந்த தேதி மார்ச் 30. அந்த வருடம் கப்பல்கள் புறப்பட்டது அதற்குப் பிறகு. அதாவது போகப்போகிற குடும்பம் கடைசி முறையாகத் தன் வீட்டிலேயே கணக்கில் ஏறியிருக்கும்! ஊயிக்கில் அதே பெயருள்ள குடும்பத் தலைவர்கள் பலர் வந்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம்தான் இரண்டு டொனால்ட் உதவிக்கு வந்தார்கள். இரண்டு டொனால்ட் உள்ள வீடு ஒன்றுதான் இருந்தது, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் என் வின்ஸ்லோ நோட்டில் இருந்தவர்கள். எழுந்து போய் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரண்டு பேருக்கு ஒரே பெயர் ஏன் என்பதும் அந்த ஊர் வழக்கத்தில் இருக்கிறது. மூத்த பையனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். நமக்குப் புதிதில்லை. இரண்டு தாத்தாவும் டொனால்ட் என்றால் பேரன்கள் இருவரும் டொனால்ட், வீட்டில் பெரியவன், சின்னவன் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆகவே இரண்டு தாத்தாக்களின் பெயரும் எனக்கு ஊகமாகக் கிடைத்தது. ஊகம் ஆதாரம் ஆகாது.

ஆதாரத்துக்கு வழி, போனவரை விட்டுவிட்டுப் போகாதவரைப் பிடிப்பது. ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு கட்டாயம். இறப்புப் பதிவில் இறந்தவரின் அப்பா பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். கனடாவில் இறந்த அண்ணனின், அதாவது அந்த இரண்டு டொனால்டின் அப்பாவின், அடக்கப் பதிவில் பெற்றோர் பெயரே இல்லை. தீவிலேயே தங்கிவிட்ட தம்பி 1870களில் இறந்திருக்கிறார், அவர் பதிவில் இருவரும் இருக்கிறார்கள். அப்பா டொனால்ட்! அந்த அண்ணனின் மனைவியின் அக்கா ஒருவரும் ஊயிக்கிலேயே இருந்து இறந்தவர், அவருடைய அப்பாவும் டொனால்ட். இந்த அக்காவைப் பிடிப்பதற்குள்தான் கண் பூத்துவிட்டது. ஒரே பெண் ஒரு பதிவில் எஃபி, இன்னொன்றில் யூஃபீமியா, மூன்றாவதில் ஹென்ரியெட்டா. கேலிக்கில் ஒய்ரிக் என்று கூப்பிடப்பட்டவரை எழுத்தர் தன் இஷ்டத்துக்கு ஆங்கிலமாக்கியிருக்கிறார். பெயரை நம்பாமல் வயது, கணவர், ஊர் மூன்றையும் வைத்துத்தான் ஒருவரே என்று உறுதி செய்தேன்.

அதற்கு மேலே ஏறுவது கடினம். ஊயிக் திருச்சபையின் பதிவேடு 1820களில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியவை தீவு மக்கள் நினைவில் வைத்திருந்த வம்சாவளிகள், இன்னாருடைய மகன் இன்னாருடைய மகன் என்று அடுக்கிச் சொல்வது. பில் லாசன் என்ற ஆய்வாளர் இவற்றைப் பல வருடம் முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஊர்வாரியாக, நிலத்து எண் வாரியாகச் சேர்த்திருக்கிறார். உள்ளூர் வரலாற்றுச் சங்கங்களும் உண்டு. ஊர்ப் பெயர், தாத்தா பெயர்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகே அவர்களுக்கு எழுதினேன், "என் குடும்பம் ஸ்காட்லாந்து, உதவுங்கள்" என்று எழுதினால் யாரால் என்ன செய்ய முடியும்?

டிஎன்ஏ சோதனையும் மருமகன் எடுத்தார். உறவுக்காரர்கள் பட்டியல் பெரிதாக வந்தது, ஆனால் சின்னத் தீவில் பல தலைமுறையாக ஒருவருக்குள் ஒருவர் மணமுடித்தவர்கள், தூரத்து உறவும் நெருங்கிய உறவு மாதிரிக் காட்டும். காகித ஆதாரம் இல்லாமல் அதை நம்பி மரம் வரையவில்லை.

இப்போது இறங்கியிருப்பது கீழ்நோக்கி. வின்ஸ்லோ பண்ணையில் மண்ணைவிடக் கல் அதிகம், பிள்ளைகள் தங்கவில்லை. சின்ன டொனால்ட் வெர்மாண்ட் கிரானைட் குவாரிகளுக்குப் போனதாகச் சம்பந்தியம்மா கேள்விப்பட்டிருக்கிறார், கணக்கெடுப்பில் 12 என்று எழுதப்பட்ட அந்தப் பெண் பாஸ்டனுக்கு. அமெரிக்காவின் 1900 கணக்கெடுப்பில் எந்த வருடம் குடியேறினார், எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை உயிரோடு என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள், அங்கிருந்து தொடங்குகிறேன். 1895க்குப் பிறகு எல்லை தாண்டியவர்களுக்கு செயின்ட் ஆல்பன்ஸ் பதிவுகள் (கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் வந்தவர்களின் பட்டியல்) உண்டு. பெண்ணின் கணவர் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. கியூபெக்கில் நடந்த கல்யாணம் என்றால் திருச்சபைப் பதிவேட்டின் நகல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும், அது இப்போது ஷெர்புரூக் ஆவணக் காப்பகத்தில். பேத்திக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் அவளையும் அழைத்துக்கொண்டு போகப் போகிறேன், அவளுக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாக வரும்.