செவ்வாய்க்குப் போக விஞ்ஞானி கைதூக்குவாரா?

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தால், "கூப்பிட்டால் ஓடிவிடுவார்கள்" என்பதுதான் தீர்ப்பு. அப்படியில்லை, துறையைப் பொறுத்தது.

நிலவியலாளர் கைதூக்குவார். செவ்வாயில் ஆளில்லாமல் ஓடிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 14 ஆண்டுகளில் ஊர்ந்தது 45 கிலோமீட்டர். 1972இல் அப்பல்லோ 17இல் போன நிலவியலாளர் ஹாரிசன் ஷ்மிட்டும் சக வீரர் செர்னனும் நிலவில் மூன்றே நாளில் சுமார் 35 கிலோமீட்டர் வண்டியோட்டினார்கள். உயிரியலாளர்தான் தயங்குவார். கிடைக்கும் நுண்ணுயிர் செவ்வாயினுடையதா, நம் தோலிலிருந்து உதிர்ந்ததா என்ற சந்தேகம் அப்புறம் தீராது.

புறப்பட வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான். போக ஏழெட்டு மாதம், அங்கே ஏறத்தாழ 500 நாள், திரும்பவும் அதே தூரம். கியூரியாசிட்டி என்ற செவ்வாய் ஊர்தியின் அளவீட்டுப்படி போகவர மட்டுமே சுமார் 660 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அலகு) கதிர்வீச்சு. நாசா வாழ்நாளுக்கே வைத்திருக்கும் வரம்பு 600.

என்னைக் கேட்டால், தூசிதான் பெரிய தொல்லை. செம்பனை லோரி போன பின் லயத்து வாசலில் காயும் துணியைப் பாருங்கள், மடிப்புக்குள்ளும் செம்மண். செவ்வாய்த் தூசி அதைவிட நுண்ணியது. அதிலுள்ள பெர்குளோரேட் என்ற உப்பு உடலுக்குள் போனால் தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கும். அதனால் விண்வெளி அங்கி வீட்டுக்குள் வரவே கூடாது என்று ஒரு வடிவமைப்பு உண்டு: அது வெளிச்சுவரிலேயே ஒட்டியிருக்கும், முதுகுக் கதவைத் திறந்து ஆள் மட்டும் உள்ளே நழுவ வேண்டும். அந்தக் கதவின் ரப்பர் வளையத்தில் தூசி படிந்தால் காற்று கசியும். பூமியிடம் யோசனை கேட்டால், தூரம் அதிகமான நாளில் பதில் வர 44 நிமிடம்.