நூற்றிருபது மணித்தியாலம்

"ஒரு காலாவதித் தேதியை மாற்றுகிற வேலைதானே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்த வேலை முடிய ஏழு மாதம் ஆனது.

மதுரையில் லேப் டெக்னாலஜி படித்துவிட்டு, இப்போது இங்கிலாந்தில் ஓர் அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியில் இருக்கிறேன். விபத்து கேஸ் வந்தால் சிவப்பணுப் பை ஃப்ரிட்ஜில் தயாராக இருக்கும், எடுத்துக் கொடுத்துவிடலாம். பிளாஸ்மா, அதாவது ரத்தத்தில் அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் மஞ்சள் திரவம், அப்படியில்லை. மைனஸ் 25 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ கல்லாக உறைந்து கிடக்கும். அந்த நிலையில் 36 மாதம் வரை வைக்கலாம். கேட்டவுடன் கொடுக்க முடியாது. 33-லிருந்து 37 டிகிரிக்குள் உருக்கி, பை ஒழுகுகிறதா, உள்ளே கட்டி ஏதும் மிதக்கிறதா என்று பார்த்து, லேபிள் ஒட்டி அனுப்புவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு அரை மணி நேரம் என்பது பெரிய விஷயம்.

முன்கூட்டியே உருக்கி வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் 4 டிகிரி ஃப்ரிட்ஜில், இரண்டு டிகிரி இப்படி அப்படி, 24 மணி நேரம்தான் கணக்கு. திரும்ப உறைய வைக்கவும் கூடாது. தினமும் நாலு பையை உருக்கி மறுநாள் குப்பையில் போட எந்த மேனேஜரும் சம்மதிக்க மாட்டார். அப்புறம்தான் பிரிட்டனின் ரத்தமேற்று வழிகாட்டி (லேபில் நாங்கள் 'ரெட் புக்' என்போம்) உருக்கிய பிளாஸ்மாவை 120 மணி நேரம் வரை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. எல்லா நோயாளிக்கும் அல்ல. எதிர்பாராத பெரும் ரத்தப்போக்குக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பழைய 24 மணி நேரம்தான்.

இந்த நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. உருக்கி வைக்க வைக்க, ரத்தப்போக்கை நிறுத்த உதவும் புரதங்களான உறைகாரணிகள் குறையும், அதிலும் எட்டாம் காரணி முதல் நாளிலேயே நன்றாக இறங்கிவிடும். அடிபட்ட உடம்பு எட்டாம் காரணியைத் தானே கூட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே அது பெரிய குறையில்லை. வார்டில் வேறு நோயோடு படுத்திருப்பவருக்கு மூன்றாம் நாள் பையைக் கொடுப்பது வேறு கதை. இதை ஃபோனில் ஓர் இளம் டாக்டருக்குப் புரியவைக்கப் பத்து நிமிடம் பிடித்தது. "உங்கள் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறதே, ஏன் தர மாட்டேன் என்கிறீர்கள்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ரத்தவியல் டாக்டரிடம் லைனைக் கொடுத்துவிட்டேன்.

24 மணி நேரத்தை 120 ஆக்கும் வேலையை, மாற்றத்துக்கு அனுமதி கேட்கும் படிவத்திலிருந்து தொடங்கினோம். 2005-ஆம் ஆண்டின் ரத்தப் பாதுகாப்பு, தர ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் நடக்கிற இடத்தில் எதையும் சும்மா மாற்ற முடியாது. ஏன் மாற்றுகிறோம், என்ன தப்பு நடக்கலாம், யாருக்குப் பயிற்சி என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஃப்ரிட்ஜை நிறைய அடுக்கியும் காலியாக வைத்தும் ஒவ்வொரு தட்டிலும் வெப்பமானியைச் செருகி அளந்தோம். கதவுப் பக்கத்து மேல்தட்டு அடிக்கடி ஆறு டிகிரியைத் தொட்டது, அதை விட்டுவிட்டோம். இதெல்லாம் அலுப்பான வேலை, ஆனால் சிக்கல் இல்லை.

சிக்கல் கம்ப்யூட்டரில் வந்தது. எங்கள் லேப் மென்பொருளில் உருக்கிய பிளாஸ்மாவுக்கு 'ஐந்து நாள்' என்று பதிந்தேன். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்னால் உருக்கியது, மாதக் கடைசி, லீப் வருட பிப்ரவரி என்று இருபது விதமாகச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தது. அந்தத் தாள்களை நைட் டியூட்டிக்கு வந்த யாழ்ப்பாணத்து அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் இங்கே முப்பது வருடமாக இருக்கிறார், பேச்சு மட்டும் ஊரிலேயே இருக்கிறது.

"தம்பி, நீர் அஞ்சு நாள் எண்டு போட்டிருக்கிறீர். புத்தகத்தில நூற்றிருபது மணித்தியாலம் எண்டல்லோ கிடக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?"

"ஒக்டோபரில நைட் செய்து பாரும், தெரியும்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. இங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை 2 மணியிலிருந்து 1 மணிக்குத் திருப்பி வைப்பார்கள். அன்றைக்கு நைட் பார்ப்பவர் ஒரு மணி நேரம் கூடுதலாக உழைக்கிறார். அண்ணனுக்கு அது உடம்பில் ஏறிய கணக்கு. அதற்கு முந்தைய வெள்ளி காலை 10 மணிக்கு உருக்கிய பைக்கு மென்பொருள் புதன் காலை 10 மணி என்று காலாவதி போடும். விரல் விட்டு எண்ணினால் 121 மணி நேரம். ஒரு மணி நேரத்தில் பிளாஸ்மா விஷமாகிவிடாது. ஆனால் விதியை மீறியது மீறியதுதான், அதுவும் நானே பூட்டிவைத்த கணக்கில். மார்ச்சில் கடிகாரம் முன்னே போகும்போது 119 ஆகும், அது பாதகமில்லை.

'ஐந்து நாள்' என்பதை '120 மணி' என்று மாற்றிப் பார்த்தேன். அப்போதும் அது சுவர்க் கடிகார நேரத்தோடுதான் கூட்டியது, அதே புதன் 10 மணி. மென்பொருள்காரர்களுக்கு எழுதிப்போட்டோம், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. சரி என்று, அந்த ஞாயிற்றைத் தாண்டிக் காலாவதியாகும் பைகளுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கையால் திருத்த வேண்டும் என்று செயல்முறைத் தாளில் ஒரு வரி சேர்த்தேன்.

நான்கு பைகளோடு ஆரம்பித்தோம். முதல் வாரமே ஒரு பை வீணானது. வெளியே போன பிளாஸ்மா ஒரே ஒரு முறை, அதுவும் 30 நிமிடத்துக்குள் திரும்பினால்தான் மறுபடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். நடு இரவில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போர்ட்டர் ஓடிவந்து பெட்டியை நீட்டினார். "சீக்கிரம் கொண்டுவந்துட்டேன்ல?" என்று முகம் மலர்ந்து நின்றார். பதிவைப் பார்த்தேன், 41 நிமிடம். பையைப் புரட்டிப் பார்த்தால் இளமஞ்சளாகத் தெளிவாகத்தான் இருந்தது, தொட்டால் குளிர்ச்சிகூட இருந்தது. யாரோ ஒருவர் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கொடுத்துவிட்டுப் போனது. கழிவு வாளியில் போட்டு, எண்ணைப் பதிந்து, காரணம் எழுதினேன். போர்ட்டரிடம் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் பெட்டி மூடியில் பெரிய எழுத்தில் '30 நிமிடம்' என்று ஒட்டினோம்.

அடுத்த வருடம் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர் வந்தார். நான் கோப்புகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் அவற்றைத் தொடவே இல்லை. "கடைசியாகத் தூக்கிப்போட்ட பிளாஸ்மாப் பை எது?" என்றார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனார். யார் உருக்கினார், எந்த இயந்திரம், அன்று காலை அதைச் சுத்தம் செய்தது யார், அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜ் வெப்பம் என்ன, எப்போது வெளியே போனது. ஒரு பை கடைசியில் யாருக்கு ஏறியது அல்லது எங்கே போனது என்ற பதிவு 30 வருடத்துக்கு இருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் அந்தச் சங்கிலி அறுபடவில்லை. கடிகார வரியைக் கண்டதும் நிமிர்ந்து பார்த்து, "இதைக் கண்டுபிடித்தது யார்?" என்றார். உண்மையைச் சொன்னேன்.

பிறகு ஊழியர் தகுதிப் பதிவுகளைக் கேட்டார். பதினேழு பேருக்கும் நான்தான் பயிற்சி கொடுத்து, ஒவ்வொருவரும் உருக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் பெயர்களை எண்ணினார். "உங்களுடையது?"

என்னை யாரும் சோதிக்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. குறைகளை 'அபாயகரமானது', 'பெரியது', 'மற்றவை' என்று மூன்றாகப் பிரிப்பார்கள். எனக்குக் கிடைத்தது 'மற்றவை'யில் ஒன்று.

அன்று இரவு அண்ணன் டியூட்டிக்கு வந்ததும் படிவத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் வாசித்தார். உருக்க வேண்டிய பை ஒன்று இருந்தது. நான் உறையைப் பிரித்து, எண்ணைச் சரிபார்த்து, இயந்திரத்தில் வைத்து மூடினேன். உருகியதும் வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு லேபிளை எடுக்கப் போனேன்.

"எடுத்த நேரத்தை இன்னும் எழுதேல்ல, தம்பி" என்றார்.